பெடல் உதறினால் காலை எடுக்காதீர்கள்

திருமலையிலிருந்து இறங்கும் மலைப்பாதை 1944இல் போட்டது. அடுத்தடுத்துக் கொண்டை ஊசி வளைவுகள். மழை ஈரத்தில் முன்னால் போகும் வண்டி சட்டென்று நிற்க, நீங்கள் பிரேக்கை ஓங்கி மிதிக்கிறீர்கள். பெடல் தடதடவென்று காலை உதைக்கிறது. பானெட்டுக்குள்ளிருந்து கர்ரென்று உறுமல். பிரேக் போய்விட்டதென்று பயந்து காலை எடுக்கிறார்களே, ஆபத்து அங்கேதான். அது ஏபிஎஸ் வேலை செய்யும் சத்தம். சக்கரம் பூட்டிக்கொள்ளப் போவது சென்சாரில் தெரிந்ததும், வால்வுகள் பிரேக் ஆயிலின் அழுத்தத்தை நொடிக்குப் பல முறை விட்டுப் பிடிக்கின்றன. உறுமுவது அதன் மோட்டார். மிதித்தது மிதித்தபடி இருக்கட்டும். ஸ்டீயரிங் உங்கள் பேச்சைக் கேட்கும். காலையில் வண்டியை எடுத்துக் கொஞ்ச தூரம் போனதும் 'டக்' என்று ஒருமுறை கேட்பதும் ஏபிஎஸ் தன்னைச் சோதித்துக்கொள்ளும் சத்தம்தான்.

சித்தூர் கடைத்தெருவில், காய்ந்த ரோட்டில், மெல்ல நிறுத்தும்போதே பெடல் உதறினால் கோளாறு. சென்சாரில் அழுக்கு, பல்வளையத்தில் விரிசல், வீல் பேரிங்கில் ஆட்டம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். கீச்சென்றால் பேடு தேய்ந்திருக்கும். இரும்போடு இரும்பு உரசும் கரகரப்பு வந்தபின் மலையேறவே கூடாது. மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் பிடிக்கும்; சிவப்பும் சேர்ந்து எரிந்தால் வண்டியை நகர்த்தாதீர்கள்.

சத்தமே போடாத ஆபத்தும் உண்டு. இறக்கம் முழுக்கப் பிரேக்கிலேயே கால் வைத்து வந்தால், ஈரம் உறிஞ்சிய பழைய ஆயில் கொதித்துப் பெடல் பஞ்சாகிவிடும். ஏபிஎஸ் அதற்கு உதவாது. இரண்டாம் கியரில் இறங்குங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள்.

2019 ஏப்ரல் முதல் புதுக் கார்களில் ஏபிஎஸ் கட்டாயம். ஏபிஎஸ் ஃபியூஸைப் பிடுங்கிச் சத்தத்தை நிறுத்தித் தருகிறேன் என்று மெக்கானிக் சொன்னால் சம்மதிக்காதீர்கள். எந்த வேகத்தில், எந்தச் சக்கரத்தில், எப்படிச் சத்தம் வந்தது என்று ஜாப் கார்டில் எழுதவைத்து நகல் வாங்குங்கள். 'பிரேக் செக்' என்ற இரண்டு வார்த்தை பின்னால் எதற்கும் உதவாது. சத்தத்தை அலட்சியமாக நினைக்கவும் வேண்டாம்: 2022 அக்டோபரில் மாருதி சுசுகி 9,925 வேகன் ஆர், செலேரியோ, இக்னிஸ் கார்களைத் திரும்ப அழைத்தபோது, பின்பிரேக்கில் ஒரு பின் உடைந்து விநோத சத்தம் வரலாம், நாளடைவில் பிரேக்கே கெடலாம் என்றுதான் காரணம் சொன்னது.

பாதுகாப்பைப் பாதிக்கும் தயாரிப்புக் கோளாறு என்றால், திரும்ப அழைக்கும்படி நிறுவனத்துக்கு உத்தரவிட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஒர்க்‌ஷாப் கைவிரித்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அங்கும் தீராவிட்டால் இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. பழுது பார்த்தது திருப்பதியில், குடியிருப்பது வேலூரில் என்றாலும் அலைய வேண்டாம். வேலூர் ஆணையத்திலேயே மனுப் போடலாம்.