அத்தாவுக்கு ஸ்கூட்டர் வாங்கும் முன்...

பணி ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சும்மா இருக்கலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் அலைச்சல் அப்போதுதான் கூடுகிறது. பஜ்ருக்குப் பள்ளிவாசல், பிறகு பால், காய்கறி, ரேஷன் கடை, வங்கி, மருந்துக் கடை, பேரப்பிள்ளைகளை மக்தபில் கொண்டுபோய் விடுவது என்று ஒரு நாளில் ஏழெட்டு நடை. ஒவ்வொன்றுக்கும் ஆட்டோ பிடிப்பதும், அடுத்தவர் வண்டிக்குக் காத்திருப்பதும் பெரியவர்களின் மனதைச் சுருக்கிவிடும். ஆகவே அத்தாவுக்கு ஒரு ஸ்கூட்டர் என்பது நல்ல எண்ணம்தான்.

ஆனால் பல வீடுகளில் வண்டியைத் தேர்ந்தெடுப்பவர் வளைகுடாவில் இருக்கும் மகன். செல்பேசியில் பார்த்துத் தமக்குப் பிடித்த மாடலைச் சொல்லிப் பணத்தை அனுப்பிவிடுகிறார். ஓட்டப்போவதோ அறுபதைத் தாண்டிய அத்தா. இருபத்தைந்து வயதில் வண்டி சாய்ந்தால் பெரும்பாலும் சிராய்ப்போடு போய்விடும். அறுபத்தைந்தில் அதே சாய்வு இடுப்பெலும்பை முறித்துப் படுக்கையில் தள்ளிவிடலாம். எனவே முதலில் கேட்க வேண்டியது மைலேஜ் அல்ல; அத்தாவின் கால் தரையில் பதிகிறதா என்பதுதான்.

காலும் எடையும்

சந்தையில் உள்ள பெட்ரோல் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 முதல் 110 கிலோ எடை கொண்டவை. ஆக்டிவா, ஜூபிடர் போன்றவை இந்த அளவின் மேல் பக்கம். ஃபேசினோ 125 போன்றவை 100 கிலோவை ஒட்டியவை. ஏழெட்டு கிலோ வித்தியாசம் ஓடும்போது தெரியாது. சந்துக்குள் திருப்பும்போது தெரியும்.

கடைக்கு அத்தாவை நேரில் அழைத்துச் செல்லுங்கள். வழக்கமாக உடுத்தும் கைலி அல்லது வேட்டியோடும், போடும் செருப்போடும் அவர் உட்காரட்டும். மூன்று சோதனைகள் போதும். இரண்டு பாதங்களும் குதிகாலோடு தரையில் படுகின்றனவா? உட்கார்ந்தபடியே வண்டியைப் பத்தடி பின்னால் தள்ள முடிகிறதா? நடு ஸ்டாண்டில் தனியாக நிறுத்த முடிகிறதா? இதில் ஒன்று தவறினாலும் அந்த வண்டி அவருக்கானதல்ல.

ஒருவர் மட்டும் போடி நகருக்குள் சுற்றி வர 110 சிசி தாராளம். அம்மாவையும் ஏற்றிக்கொண்டு மேட்டுத் தெருக்களில் போவதாக இருந்தால் 125 சிசி சிரமமில்லாமல் இழுக்கும்.

டிவிஎஸ் எக்ஸ்எல் 100 வண்டியை மூட்டை ஏற்றும் வண்டி என்று ஒதுக்கிவிட வேண்டாம். எடை 90 கிலோவுக்குள். அதன் சக்கரம் 16 அங்குலம். ஸ்கூட்டர்களில் 10 அல்லது 12 அங்குலமே வழக்கம். பெரிய சக்கரம் பள்ளத்தில் விழாமல் கடந்துவிடும். வசதியான இருக்கையும் மென்மையான ஓட்டமும் அதில் கிடைக்காது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

மலைச்சரிவில் என்ன நடக்கிறது?

நம் ஊருக்கென்று ஒரு தனிக் கவலை இருக்கிறது. போடியிலிருந்து முந்தல் தாண்டிவிட்டால் போடிமெட்டு வரை கொண்டை ஊசி வளைவுகள்தான். ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு, ஸ்கூட்டரிலேயே ஒரு நடை போய் வந்துவிடலாம் என்று தோன்றும். ஏறுவதைவிட இறங்குவதில்தான் ஆபத்து அதிகம்.

கியர் வண்டியை இரண்டாம் கியரில் வைத்து இறக்கினால் இன்ஜினே வேகத்தைப் பிடித்து வைக்கும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் அப்படி வைக்க வழியில்லை. ஆக்சிலேட்டரை விட்டு வேகம் குறைந்ததும் அதன் கிளட்ச் தானாகவே விலகிவிடும். வண்டி சைக்கிள் போல உருளும். முழுச் சுமையும் பிரேக் மீது விழும். தொடர்ந்து பிடித்துக்கொண்டே வந்தால் டிரம் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும்.

2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையிலான புதிய வண்டிகளில் இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கும் பிரேக் கட்டாயம். இது உதவும், ஆனால் சூட்டைத் தடுக்காது. முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ள மாடலுக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுப்பது வீண் செலவல்ல. இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைப்பது பெரும் தவறு. மழையும் மூடுபனியும் உள்ள நாளில் தோட்டத்துக்குப் பேருந்திலோ ஜீப்பிலோ போய்விடுவதே பெரியவர்களுக்கு அழகு.

மின்சார ஸ்கூட்டர் ஊருக்குள் ஓடப் பொருத்தமானது. சத்தமில்லை, பராமரிப்பும் குறைவு. மலையேற்றம் மட்டும் கணக்கைக் குலைக்கும். ஆளோடு சேர்த்து 200 கிலோவை ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏற்றவே அரை யூனிட்டுக்கு மேல் மின்சாரம் தேவை. சாலையில் ஓடும் செலவு தனி. இரண்டு யூனிட் பேட்டரியில் இது கால் பங்குக்கு மேல். எனவே விளம்பரத்தில் சொல்லும் கிலோமீட்டரைச் சமவெளிக்கான கணக்காகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

யார் பெயரில் பதிவது?

பணம் அனுப்பிய மகன் பெயரிலேயே வண்டியைப் பதிவு செய்வது பல குடும்பங்களில் வழக்கம். இதில் ஒரு சிக்கல் உண்டு. காப்பீட்டோடு வரும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு, வண்டியின் உரிமையாளராக இருந்து ஓட்டுபவருக்கானது. ஓட்டுபவர் அத்தா, உரிமையாளர் மகன் என்றால் அந்தக் காப்பு அத்தாவுக்குக் கிடைக்காது. எனவே ஓட்டுபவர் பெயரிலேயே பதியுங்கள்.

ஓட்டுநர் உரிமத்தையும் எடுத்துப் பாருங்கள். 55 வயதுக்கு மேல் புதுப்பித்தால் ஐந்தாண்டுகளுக்கு மட்டுமே தருவார்கள். மருத்துவச் சான்று வேண்டும். காலாவதியாகி ஓராண்டு கடந்துவிட்டால் மீண்டும் ஓட்டிக் காட்டித் தேற வேண்டும். உரிமம் செல்லாதென்றால் மேற்சொன்ன விபத்துக் காப்பும் கைவிட்டுப் போகும்.

பேரப்பிள்ளைகளை ஏற்றிச் செல்வோர் கவனிக்க: நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும் ஹெல்மெட் கட்டாயம். அதற்குக் குறைந்த பிள்ளைக்கு ஹெல்மெட்டோடு, ஓட்டுபவரின் உடலோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. பள்ளிவாசல் பக்கத்துத் தெருதானே என்று ஹெல்மெட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போவது தவக்குல் ஆகாது. இயன்ற பாதுகாப்பைச் செய்துவிட்டு அல்லாஹ்விடம் பொறுப்பை ஒப்படைப்பதே தவக்குல்.

பணம்

ஷோரூமில் உட்கார்ந்தவுடன் தவணைத் திட்டத்தைத்தான் முதலில் நீட்டுவார்கள். ஓய்வுக் காலத்தில் வட்டியில் விழ எந்த அவசியமும் இல்லை. கையிருப்பு போதவில்லை என்றால் நல்ல நிலையிலுள்ள பழைய வண்டியை முழுப் பணம் கொடுத்து வாங்கலாம். பதிவுச் சான்றிலுள்ள சேசிஸ் எண்ணை வண்டியிலுள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். பழைய கடன் பதிவு நீக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். பிரேக், டயர், பேட்டரி மூன்றையும் மாற்றும் செலவைச் சேர்த்தே விலை பேசுங்கள்.

இறுதியாகப் பிள்ளைகளுக்கு ஒன்று. வண்டி வாங்கிக் கொடுப்பதோடு கடமை முடிவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை அத்தாவைக் கண் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். இரவில் எதிர் வெளிச்சம் கூசுகிறது என்று அவர் சொன்னால், மஃக்ரிபுக்குப் பிறகு நீங்களே அவரை ஏற்றிச் செல்லுங்கள்; வெளிநாட்டில் இருந்தால் உள்ளூரில் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். வண்டியை எப்போது நிறுத்துவது என்ற பேச்சை ஒரு விபத்துக்குப் பிறகு தொடங்குவதைவிட, வாங்கும் நாளிலேயே அன்போடு பேசி வைத்துவிடுவது நல்லது.