கார்ச் சாயத்தின் மேற்பூச்சு உரிதல்

வெயிலில் நெடுநாள் நின்ற கார்களின் கூரையிலும் பானட்டிலும் வெளிறிய திட்டுகள் தோன்றுவதையும், பாம்புச் சட்டைபோல் மெல்லிய ஏடு உரிந்து வருவதையும் பலர் கண்டிருப்பர். சாயமே கெட்டுவிட்டது என எண்ணுவது இயல்பு. ஆயின், நிறம் தரும் சாயம் பெரும்பாலும் கீழே அப்படியே இருக்கும். உரிவது அதன்மேல் அடித்த நிறமற்ற காப்புப் பூச்சேயாகும். பட்டறைக்காரர் இதனைக் 'கிளியர் கோட்' என்பர்.

முற்காலக் கார்களில் நிறமும் பளபளப்பும் ஒரே சாயத்தில் அமைந்திருந்தன. 1980களில் இருபூச்சு முறை பரவலாயிற்று. இதில் மேற்பூச்சின் கனம் ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான்தான். கதிரவனின் புறஊதாக் கதிர்களைத் தடுக்கும் பொருள்கள் அதிற் கலந்துள்ளன. ஆண்டுகள் செல்ல அவை வலுவிழக்கின்றன. அப்போது கதிர்கள் ஊடுருவி, இரு பூச்சுகளும் ஒட்டியுள்ள இடத்தையே கெடுக்கின்றன. பிடிப்பு விட்ட விளிம்பின் அடியில் மழைநீர் புகுந்து உரிவை மேலும் பரப்புகிறது.

மெருகு போட்டால் சரியாகாதா எனச் சிலர் கேட்பர். மெருகு, உள்ள பூச்சைத் தேய்த்தே ஒளி தருகிறது. இல்லாத பூச்சை அஃது எங்ஙனம் தரும்? உரிந்த இடத்தின்மேல் அப்படியே புதுப்பூச்சு தெளிப்பதும் வீணே. பழைய விளிம்பு தளர்ந்தே இருப்பதால், புதியதையும் சேர்த்துக்கொண்டு மீண்டும் உரியும்.

ஆகவே வேலையின் பெரும்பகுதி தேய்ப்பதுதான். வண்டியைக் கழுவி, மெழுகையும் எண்ணெய்ப் பசையையும் நீக்கியபின், 600 எண் உப்புத்தாளை நீரில் நனைத்து, தளர்ந்த பூச்சு முழுவதும் போய் உறுதியான பூச்சு வரும்வரை தேய்க்க வேண்டும். பிறகு 1000 எண் தாளால் இழைக்க வேண்டும். ஈரமாக இருக்கையில் எல்லாம் பளபளப்பாகத் தோன்றி ஏமாற்றும். துடைத்து உலரவிட்டு, விரல்நுனியால் தடவிப் பாருங்கள். படிபோல் ஏதேனும் தட்டினால் வேலை முடியவில்லை என்று பொருள். நிறப்பூச்சும் தேய்ந்துவிட்டால், முதலில் அதே நிறத்தை அடித்த பின்பே கிளியர் கோட் தெளிக்கலாம். உரிந்த திட்டுக்கு மட்டும் தெளித்து நிறுத்தாமல், அந்தத் தகடு முழுவதற்கும் தெளிப்பது நன்று. நடுவில் நின்ற விளிம்பே அடுத்த உரிவுக்கு வாயிலாகும்.

கிளியர் கோட்டில் இருவகை உண்டு. கெட்டியாக்கி கலந்து அடிப்பது நெடுநாள் உழைக்கும். ஆனால் அக்கெட்டியாக்கியில் ஐசோசயனேட் உள்ளது. அதன் நுண்துளிகளைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரக்கூடும். துணி முகமூடி அதனைத் தடுக்காது. கலவை தேவையற்ற தெளிப்புக் குப்பி அவ்வளவு காலம் உழைக்காது. தேய்ப்பதை நாமே செய்து, தெளிப்பதைப் பட்டறைக்கு விடுவதே என் பரிந்துரை.

குப்பியால் தாமே தெளிப்போர், காற்றோட்டமுள்ள இடத்தில், தக்க முகக்கவசத்துடன், மெல்லிய பூச்சுகளாக இடைவெளி விட்டுத் தெளிக்க வேண்டும். நம் ஊர் மழைமாலையின் ஈரக்காற்றில் பூச்சு பால்போல் வெளுத்துவிடும். ஆதலின் வறண்ட காலைப்பொழுதே ஏற்றது. பக்கத்து வீட்டுக் காரையும் சற்றுத் தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள். காற்றில் மிதக்கும் துளிகள் அதன்மேலும் படியும்.