சுருட்டுக் கடையை விலைக்கு வாங்கலாமா?

ரேணிகுண்டா: ரயில்வேயில் ஓய்வு பெறும் தமிழர்களும், கரகம்பாடி, திருப்பதி பக்கத்துத் தொழிற்சாலைகளில் கணக்கை முடித்துக்கொண்டு வெளியே வருகிறவர்களும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கையில் நாலைந்து லட்சம் வரும். இங்கேயே ஒரு சுருட்டு, பீடி, சிகரெட் கடையை விலைக்கு வாங்கிப் போட்டால் என்ன?"

கேட்பதில் தவறில்லை. எட்டடிக்கு ஆறடி இடம் போதும். சரக்கு சீக்கிரம் கெட்டுப் போகாது. நாலு வார்த்தை தெலுங்கு தெரிந்தால் வியாபாரம் நடக்கும். வயதான காலத்தில் உட்கார்ந்து செய்கிற தொழில். இப்படித்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் பிராவிடண்ட் பண்டும் கிராஜுவிட்டியும் ஆயுளில் ஒரே ஒரு முறை வரும் பணம். அதைக் கொண்டுபோய்ப் போடுவதற்கு முன்னால் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு கணக்குப் பார்ப்பது நல்லது.

பழைய பெருமை

சுருட்டு வியாபாரம் தமிழருக்குப் புதிதல்ல. ஆங்கிலத்தில் 'செரூட்' என்கிறார்களே, அந்தச் சொல்லே நம்முடைய 'சுருட்டு'தான். திருச்சிச் சுருட்டும் திண்டுக்கல் சுருட்டும் வெள்ளைக்காரர் காலத்தில் கப்பலேறிப் போயின. தெலுங்கு நாட்டிலும் 'சுட்டா' என்ற பெயரில் அதற்கு மதிப்பு இருந்தது.

சொந்த ஊரை விட்டுப் போய்ச் சுருட்டுக் கடை வைத்துப் பிழைத்தவர்கள் என்றால் யாழ்ப்பாணத்தாரைச் சொல்ல வேண்டும். இலங்கையின் தெற்கே சிங்கள ஊர்களில் யாழ்ப்பாணத்தார் சுருட்டுக் கடை என்றால் தெரியாதவர் கிடையாது. புகையிலை அவர்கள் ஊரில் விளைந்தது. சுருட்டு அங்கேயே சுற்றப்பட்டது. சிறு வயதில் கடைக்கு வந்து, கடையிலேயே சாப்பிட்டு, கடையிலேயே படுத்துத் தொழில் பழகினவர்கள்தான் பிறகு முதலாளிகள் ஆனார்கள். சரக்கும் உழைப்பும் சொந்தம் என்பதால் லாபம் கட்டியது. ஆனால் 1958, 1977, 1983 கலவரங்களில் தமிழர் கடைகள் சூறையாடப்பட்டு எரிந்தபோது, பல வருஷ உழைப்பு ஒரே இரவில் போயிற்று.

இங்கே அந்த மாதிரிப் பயம் இல்லை. குண்டக்கல் டிவிஷன் 1977 அக்டோபர் 2 வரையில் தெற்கு ரயில்வேயில்தான் இருந்தது. அந்தக் காலத்திலிருந்தே தமிழர்கள் இந்த ஊரோடு கலந்து வாழ்கிறார்கள். என்றாலும் யாழ்ப்பாணத்தார் கதையில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. கடை சம்பாதித்துக் கொடுப்பதில்லை, கடையில் உட்காருகிற ஆள்தான் சம்பாதிக்கிறார் என்பது ஒன்று. வியாபாரம் எவ்வளவு நன்றாக நடந்தாலும், நிற்கிற இடம் பத்திரமாக இருந்தால்தான் முதல் பத்திரம் என்பது இன்னொன்று.

விற்பவர் விற்பது என்ன?

கடையைக் கைமாற்றுகிறவர் மூன்று பொருளுக்கு விலை சொல்கிறார். முதலாவது சரக்கு. இதை எண்ணிப் பார்த்து, வாங்கின பில்லோடு ஒத்துப் பார்க்கலாம். இரண்டாவது சாமான்கள்: பெட்டி, கண்ணாடி ஜாடி, தராசு, பிரிட்ஜ். இதற்கும் பழைய சாமான் விலை உண்டு. மூன்றாவது 'குட்வில்'. கேட்கிற ஐந்து லட்சத்தில் பெரும் பங்கு இதற்குத்தான். கண்ணால் பார்க்க முடியாத இந்தச் சரக்கை வாங்கும்போதுதான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள்.

கணக்கு இதோ

உதாரணத்துக்கு ஒரு கடை. விலை 5 லட்சம். தினம் 5,000 ரூபாய் வியாபாரம். கைக்கு நிற்பது நூற்றுக்கு 8 என்று வைத்துக்கொள்வோம். சிகரெட்டில் பாக்கெட்டின்மேல் விலை அச்சிட்டிருக்கிறது. அதற்கு மேல் விற்கச் சட்டம் இடம் தராது. ஆகவே கடைக்காரர் நினைத்தபடி லாபம் வைக்க முடியாது.

தினம் 400, மாதம் 12,000 ரூபாய். வாடகை 3,500, கரண்ட் 500, வராத கடனும் வீண் போன சரக்கும் 1,000 கழித்தால் மிச்சம் 7,000.

இதே 5 லட்சத்தைப் போஸ்டாபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டிருந்தால்? 2023 ஏப்ரலிலிருந்து 2025 முடியும் வரை அதற்கு வட்டி 8.2 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 10,250 ரூபாய் வரும். மாதத்துக்கு 3,416 ரூபாய். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாலே கிடைக்கக்கூடிய பணம் இது. ஆகவே 7,000 ரூபாயில் இதைக் கழிக்க வேண்டும். மிச்சம் 3,584.

காலை ஐந்து மணிக்குத் திறந்து இரவு ஒன்பதுக்கு மூடினால் நாளைக்கு 16 மணி நேரம். மாதம் 480 மணி நேரம். மணிக்கு ஏழரை ரூபாய் கூட வரவில்லை. நாளைக்கு 120 ரூபாய்க்குள்தான். 2025-26ஆம் ஆண்டில் ஊரக வேலைத் திட்டத்தில் ஆந்திரத்துக்கு நிர்ணயித்த கூலியே நாளைக்கு 307 ரூபாய்!

பாதி வியாபாரம் பிஸ்கட், தண்ணீர் பாட்டில், கடலை மிட்டாய், வெற்றிலை பாக்கு என்று மாற்றி, அந்தப் பாதிக்கு நூற்றுக்கு 15 நிற்பதாக வைத்துக்கொண்டால் தினம் 575 ரூபாய். மாதம் 17,250. அதே செலவும் வட்டியும் போக 8,834. நாளைக்கு 294 ரூபாய். நிலைமை எவ்வளவோ தேவலை. ஆனாலும் 307 ரூபாய் ஒரு ஷிப்டுக்குக் கூலி. கடைக்காரர் பார்ப்பதோ இரண்டு ஷிப்ட்.

இதில் வரும் ரூபாய்கள் கடைக்குக் கடை மாறும். நீங்கள் பார்க்கிற கடையின் தொகைகளைப் போட்டுக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை மட்டும் மாறாது: செலவு போக நிற்பதில் உங்கள் கூலியைக் கழியுங்கள். அதற்கு மேல் மிஞ்சுவதுதான் கடையின் சம்பாத்தியம். ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் குட்வில் என்று கொடுப்பதற்கும் ஒன்றும் இல்லை.

இடம் யாருடையது?

ரோட்டோரத்துப் பெட்டிக் கடைகளை விலை பேசும்போது அதிகக் கவனம் வேண்டும். நகரப் பகுதிகளில் 2014ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டத்தின்படி வியாபாரிக்குச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். அந்தச் சான்றிதழை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. ஆகவே திருப்பதி மாநகராட்சி எல்லையில் ஒருவர் தன் ரோட்டோரக் கடையைச் 'சான்றிதழோடு' விற்கிறேன் என்றால், தன்னால் விற்க முடியாததை விற்கிறார் என்று பொருள்.

ரயில்வே இடத்துக்கு இந்தச் சட்டம் அறவே பொருந்தாது. ஸ்டேஷன் எல்லைக்குள் ரயில்வே லைசென்ஸ் இல்லாமல் வைத்த கடையை எந்த நாளும் அப்புறப்படுத்தலாம். 'இருபது வருஷமாக யாரும் கேட்கவில்லை' என்பது பத்திரம் ஆகாது. நெடுஞ்சாலை ஓரத்துக் கடைகளுக்கும் இதே கதிதான். ரோட்டை அகலப்படுத்த அளவுக்கல் நட்டால் குட்வில்லும் அதோடு போகும்.

தனியார் கட்டடம் என்றால், கடைக்காரரோடு மட்டும் ஸ்டாம்பு பேப்பரில் எழுதிக்கொண்டு பணம் கொடுக்கக் கூடாது. கட்டடச் சொந்தக்காரர் உங்கள் பெயருக்கே வாடகை ஒப்பந்தம் எழுதித் தர வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தம் என்றால் ரிஜிஸ்தர் செய்ய வேண்டும். பழைய அட்வான்ஸ் யார் கையில் இருக்கிறது, அது யாருக்குச் சேரும் என்பதையும் அதிலேயே எழுதிவிட வேண்டும்.

சட்டமும் வரியும்

புகையிலை வியாபாரம் வருஷத்துக்கு வருஷம் இறுகிக்கொண்டே வருகிறது. ரயில்வே பிளாட்பாரத்தில் பீடி, சிகரெட் விற்பது 1999இல் நிறுத்தப்பட்டது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்பதையும், பள்ளி, கல்லூரிகளிலிருந்து நூறு கஜத்துக்குள் விற்பதையும் தடுக்கிறது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைபிடிப்பது நாடு முழுவதும் குற்றம். 2016 ஏப்ரலிலிருந்து பாக்கெட்டின் இரண்டு பக்கமும் 85 சதவீதம் எச்சரிக்கைப் படம்தான்.

முக்கியமானது இன்னொன்று. 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின்படி ஒரு சிறுவனுக்குப் புகையிலைப் பொருள் கொடுத்தால் ஏழு வருஷம் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். "அப்பா வாங்கி வரச் சொன்னார்" என்று வந்து நிற்கிற பையனுக்கு ஒரு பீடிக் கட்டைக் கொடுப்பதில் இத்தனை ஆபத்து இருக்கிறது. பக்கத்துக் கர்நாடகத்தில் 2025 முதல் 21 வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்கவே கூடாது. சில்லறையாக ஒன்றிரண்டு சிகரெட் கொடுப்பதும் தடை. அந்தச் சட்டம் நாளை இங்கே வந்தால், சில்லறை விற்பனையை நம்பியிருக்கும் கடை பாதிப் படுத்துவிடும்.

வரியைப் பாருங்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது புகையிலைக்கு 28 சதவீதமும், சிகரெட்டுக்கு அதற்கு மேல் செஸ்ஸும் போட்டார்கள். 2026 பிப்ரவரி 1 முதல் சிகரெட்டுக்கு 40 சதவீதம், அதற்கு மேல் எக்சைஸ் தீர்வை. பீடிக்கு 18 சதவீதம். விலை ஏறினால் கடைக்காரருக்குக் கொண்டாட்டம் என்று நினைக்கக் கூடாது. அதே எண்ணிக்கைப் பாக்கெட் வாங்க அதிக முதல் போட வேண்டும். வாடிக்கைக்காரரோ இரண்டு வாங்குகிற இடத்தில் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறார்.

வாடிக்கைக்காரர்களே குறைந்து வருகிறார்கள். மத்திய அரசு நடத்திய கணக்கெடுப்பில், 2009-10இல் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 34.6 பேர் புகையிலை உபயோகித்தார்கள். 2016-17இல் அது 28.6 ஆகிவிட்டது. ஜனங்களின் உடம்புக்கு இது நல்ல செய்தி. சுருட்டுக் கடையில் முதல் போடுகிறவருக்கு எச்சரிக்கை. அதிலும் சுருட்டு வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் வயதான பெரியவர்கள். அவர்களுக்குப் பிறகு அந்த ஜாடியைத் திறக்க ஆள் வேண்டுமே!

ரேணிகுண்டாவில் எது ஓடும்?

சென்னை - மும்பை லயனும் கூடூர் - காட்பாடி லயனும் சந்திக்கிற ஊர் இது. திருப்பதி பத்து கிலோமீட்டர். வந்து போகிற ஜனங்களுக்குக் குறைவில்லை. ஆனால் மலைக்குப் போகிறவர்களை நம்பிச் சிகரெட் அடுக்க முடியாது. திருமலையில் புகைபிடிக்கக் கூடாது. அலிபிரி சோதனையில் பீடி, சிகரெட் இருந்தால் எடுத்துவிடுகிறார்கள். பக்தர்களுக்கு வேண்டியது தண்ணீர், பிஸ்கட், பழம், குழந்தைக்குப் பால்.

ஷிப்டு மாறுகிற நேரத்துத் தொழிலாளிகள்தான் நிலையான வாடிக்கை. அவர்களிடம் இன்னொரு விஷயம் உண்டு: கடன். சம்பளத் தேதி வரைக்கும் நோட்டில் எழுதச் சொல்வார்கள். வேற்றூரில் தமிழர் தமிழருக்குக் கடன் இல்லை என்று சொல்வது கஷ்டம். கொடுக்காவிட்டால் மனஸ்தாபம், கொடுத்தால் முதலே கரையும். ஆகவே பழைய கடன் நோட்டை விலையில் சேர்த்து வாங்கவே வாங்காதீர்கள்.

ரயில்வே ஊழியர் கவனத்துக்கு

வேலையில் இருக்கும்போதே கடையை வாங்க நினைப்பவர்கள் 1966ஆம் ஆண்டு ரயில்வே நடத்தை விதிகளை ஒரு தடவை படித்துப் பார்க்க வேண்டும். முன் அனுமதி இல்லாமல் ஊழியர் சொந்த வியாபாரம் செய்யக் கூடாது. மனைவி, மக்கள் வியாபாரம் செய்தாலும் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 'வீட்டுக்காரி பெயரில்தானே இருக்கிறது' என்று டியூட்டி முடிந்ததும் கல்லாவில் உட்கார்ந்தால், ஐந்து லட்சத்துக் கடைக்காகப் பென்ஷனையே பணயம் வைத்ததாகும்.

வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால்

வேலை கிடைக்காத பிள்ளை வீட்டில் இருக்கிறான், குடும்பத்தில் இரண்டு மூன்று பேர் முறை வைத்து உட்காரத் தயார் என்றால் கடை கை கொடுக்கலாம். அப்போதும் இவற்றைச் செய்யுங்கள்:

ஒன்று, பேச்சை நம்பாதீர்கள். இன்று பாதிப்பேர் போன் மூலம்தான் பணம் கட்டுகிறார்கள். விற்பவருடைய ஆறு மாதத்துப் பாங்கிக் கணக்கைக் கேளுங்கள். ஏஜெண்ட் கொடுத்த சரக்கு பில்களையும் கேளுங்கள். இரண்டும் ஒத்துப்போனால்தான் மேலே பேச்சு.

இரண்டு, ஏழு நாள் கடைக்குப் பக்கத்தில் நின்று வாடிக்கைக்காரர்களை எண்ணுங்கள். சம்பள வாரம் ஒன்றும், மாதக் கடைசி வாரம் ஒன்றும் பார்ப்பது இன்னும் நல்லது.

மூன்று, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். பஞ்சாயத்து அல்லது மாநகராட்சி லைசென்ஸ் உங்கள் பெயருக்கு வருமா என்று நேரில் போய் விசாரியுங்கள்.

நான்கு, குட்கா பாக்கெட்டை மறைத்து விற்று வரும் லாபத்தைக் கணக்கில் சேர்த்துச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அது தடை செய்யப்பட்ட சரக்கு. வழக்கு வந்தால் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் மேல்தான் வரும்.

ஐந்து, சரக்குக்கும் சாமானுக்கும் உள்ள விலையைக் கொடுங்கள். அட்வான்ஸைக் கட்டடக்காரரிடம் நேரே கட்டுங்கள். குட்வில்லுக்கு என்று பெருந்தொகை கேட்டால், பத்துக் கடை தள்றி அதே சாமான்களோடு புதுக் கடை போட என்ன செலவு ஆகும் என்று பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

ஆறு, வந்த பணம் முழுவதையும் போடாதீர்கள். நாலில் ஒரு பங்குக்கு மேல் கடையில் இறங்கக் கூடாது. மிச்சம் போஸ்டாபீஸிலோ பாங்கியிலோ இருக்கட்டும். கடை நொடித்தாலும் வீடு நொடிக்காது.

இத்தனையும் சரியாக அமைந்தாலும் அந்தக் கடையைச் சுருட்டுக் கடையாக நடத்தாமல், சுருட்டும் இருக்கிற கடையாக நடத்துவதுதான் புத்தி. முன் வரிசையில் தண்ணீரும் பிஸ்கட்டும் பழமும் இருக்கட்டும். பெரியவர் யாராவது கேட்டால் எடுத்துக் கொடுக்கச் சுருட்டு ஜாடி பின் வரிசையில் இருந்தால் போதும்.