ஆபரேஷனுக்குப் பிறகு உடம்பு மறுபடி ஏறினால்

எடை குறைப்பு ஆபரேஷன் வேண்டுமென்றால் ராமநாதபுரம் மாவட்டக் கமுதிக்காரர் மதுரைக்கோ கோவைக்கோ சென்னைக்கோதான் போகவேண்டும். போய்ச் செய்துகொண்டு திரும்பியவருக்கு முதல் வருடம் திருவிழா மாதிரி இருக்கும். மாதாமாதம் எடை இறங்குகிறது. சுகர் மாத்திரை குறைகிறது, சிலருக்கு நின்றே போகிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் “ஆளே மாறிட்டீங்க” என்கிறார்கள். மூன்றாவது வருடம் வாக்கில் சட்டை கொஞ்சம் கொஞ்சமாக இறுக ஆரம்பிக்கும். அப்போது அதே ஊர் வேறு மாதிரி பேசும்: “இத்தனை லட்சம் செலவழிச்சும் வாயைக் கட்ட முடியலையே.”

அந்த ஒரு பேச்சுக்குப் பயந்து டாக்டரிடம் போவதை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. எடை ஏறியதைவிட இதுதான் கூடுதல் ஆபத்து. ஆபரேஷனுக்குப் பிறகு ஓரளவு எடை திரும்புவது எதிர்பார்த்த ஒன்று. அது எந்த அளவைத் தாண்டினால் கவலைப்பட வேண்டும், ஏன் ஏறுகிறது, ஏறினால் யாரிடம் போவது என்பதைத் தெரிந்துகொண்டால் இந்த வெட்கத்துக்கு இடமில்லாமல் போகும்.

சுவீடனில் 1987-ல் தொடங்கிய ஆய்வு ஒன்று உண்டு. லார்ஸ் சோஸ்ட்ரோம் தலைமையில், ஆபரேஷன் செய்துகொண்ட சுமார் 2,000 பேரையும், அதே அளவு பருமன் இருந்தும் செய்துகொள்ளாத சுமார் 2,000 பேரையும் வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். 2007-ல் வெளியான முடிவு இது: இரைப்பை பைபாஸ் செய்தவர்கள் முதல் ஒன்றிரண்டு வருடத்தில் சராசரியாக 32 சதவீத எடையை இழந்தார்கள். பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது அது 25 சதவீதமாக இருந்தது. 120 கிலோ இருந்த ஒருவர் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 82 கிலோ வரை இறங்கி, பத்து வருடத்தில் 90-க்கு வந்திருப்பார். எட்டு கிலோ திரும்பியிருக்கிறது. ஆனால் 120-க்குத் திரும்பவில்லை. ஆபரேஷன் செய்யாத கூட்டத்தின் எடையோ அத்தனை வருடத்திலும் ஏறக்குறைய அப்படியே நின்றது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடையே இறப்பும் குறைவாக இருந்தது. எட்டு கிலோ திரும்பியவரைத் தோற்றுப்போனவர் என்று சொல்ல எந்தக் கணக்கும் இடம் தராது.

அதே ஆய்வு ஓர் எச்சரிக்கையும் தருகிறது. ஆபரேஷனுக்கு முன் சுகர் இருந்தவர்களில் 72 சதவீதத்தினருக்கு இரண்டு வருடத்தில் அது மறைந்திருந்தது. பத்து வருடத்தில் அப்படி இருந்தவர்கள் 36 சதவீதம்தான். “சுகர் போயிருச்சு” என்று பரிசோதனையை விட்டவர்களுக்கு இந்த எண் போதும்.

ஏன் ஏறுகிறது? இன்று அதிகம் செய்யப்படும் ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையில் சுமார் ஐந்தில் நான்கு பங்கை நீக்கிவிடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது நீக்கப்படும் அந்தப் பகுதியில்தான். பைபாஸில் இரைப்பையின் மேல்பக்கம் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையை மட்டும் பிரித்து, சிறுகுடலில் சற்றுத் தள்ளியுள்ள பகுதியோடு இணைக்கிறார்கள். இரண்டிலும் முதல் வருடம் பசியே மறந்துபோகும். ஆனால் உடம்பு இந்த எடை இழப்பைப் பஞ்சமாகத்தான் எடுத்துக்கொள்கிறது. மழை பொய்த்த வருடத்தில் கண்மாய்த் தண்ணீரை மடைக்கு மடை அளந்து விடுவது போல, இருக்கும் சக்தியை இறுக்கிப் பிடித்துச் செலவழிக்கிறது. இளைத்த உடம்புக்குச் சும்மா இருக்கும்போது எரியும் கலோரியும் குறைவு. போகப்போகப் பசியும் திரும்புகிறது, ஸ்லீவில் குழாய் போல மிஞ்சிய இரைப்பையும் கொஞ்சம் விரிகிறது. ஆபரேஷன் இல்லாமல் பட்டினி கிடந்து இளைத்தவர்களுக்கோ நிலைமை இன்னும் கடினம். ஆஸ்திரேலியாவில் 2011-ல் வெளியான ஆய்வில், பத்து வாரக் கடும் டயட்டில் இளைத்தவர்களின் பசி ஹார்மோன்கள் ஒரு வருடம் கழித்தும் பழைய நிலைக்கு வரவில்லை. “வாயைக் கட்டு” என்று சொல்கிறவர் இதை ஒரு தரம் யோசிக்கவேண்டும்.

இதற்காகச் சாப்பாட்டுக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. சிறிய இரைப்பை, ஒரு தட்டுச் சோற்றைத் தடுக்கும். குடிப்பதைத் தடுக்காது. நம் பக்கத்து வெயிலில் நாள் முழுக்கக் குடித்துக்கொண்டுதான் இருக்கிறோம்: காலையில் சர்க்கரை போட்ட டீ, பதினோரு மணிக்கு இன்னொன்று, மத்தியானம் சர்பத் அல்லது ரோஸ்மில்க், சாயங்காலம் பருத்திப்பால். பருத்திப்பால் சத்தானதுதான், ஆனால் அதில் கருப்பட்டியும் அரிசிமாவும் சேர்கின்றன. கருப்பட்டி சாயல்குடிப் பக்கத்துச் சரக்கே ஆனாலும், எடையைப் பொறுத்தவரை அதுவும் சர்க்கரைதான். அடுத்தது கொறிப்பது. மூன்று வேளை வயிறாரச் சாப்பிட முடியாதவர், கைப்பிடி சேவும் இரண்டு பக்கோடாவுமாக நாள் முழுக்க வாயை அசைத்துக்கொண்டே இருப்பார். மென்றால் கரைகிற பண்டம் சின்ன இரைப்பையிலும் சுலபமாக இறங்கிவிடும். “நான் சாப்பிடுறதே இல்லையே” என்று அவர் சொல்வது பொய்யல்ல. சாப்பாடு என்று உட்கார்ந்து அவர் சாப்பிடுவதே இல்லை.

மாற்று நம் சந்தையிலேயே இருக்கிறது. ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்பதுதான் பொதுவான அறிவுரை. ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது, 100 கிராம் மீனில் சுமார் 20. வாலிநோக்கம், மூக்கையூர் கரை நமக்குத் தூரமில்லை. தட்டில் முதலில் மீன், முட்டை, பயறு, பிறகு காய், கடைசியில் சோறு என்று வரிசையை மாற்றினாலே பாதி வேலை முடியும். கருவாட்டிலும் புரதம் உண்டு, பிரஷர் இருப்பவர் அதன் உப்பை நினைவில் வைக்கவேண்டும். தாகத்துக்குத் தண்ணீரும் நீர்மோரும். நடையோடு கூட, கை கால் தசைக்கு வேலை தரும் பயிற்சியும் வேண்டும். எடை இறங்கும்போது கொழுப்போடு தசையும் கரைந்திருக்கும்.

சாப்பாட்டில் குறை சொல்ல முடியாதவருக்கும் எடை ஏறலாம். இன்சுலின், சில சுகர் மாத்திரைகள், ஸ்டீராய்டு, மனநல மருந்துகளில் சில ஆகியவை எடை ஏற்றும். தைராய்டு குறைவும், தூக்கக் கேடும், மாதவிடாய் நிற்கும் பருவமும் காரணமாகலாம். குடிப்பழக்கத்தைத் தனியாகச் சொல்லவேண்டும்: பைபாஸுக்குப் பிறகு மது சீக்கிரம் தலைக்கேறும். இரண்டாவது வருடத்தில் குடிநோய் கூடுவதை அமெரிக்க ஆய்வு ஒன்று 2012-லேயே காட்டியது. வீட்டார் இதைக் கவனித்தால் திட்டாமல் டாக்டரிடம் கூட்டிப் போகவேண்டும்.

எடை ஏறியவர்கள் செய்யும் ஒரு பெரிய தவறு, சத்து மாத்திரைகளையும் நிறுத்திவிடுவது. உடம்பு மறுபடி பருத்தாலும், மாற்றியமைத்த இரைப்பையும் குடலும் அப்படியேதான் இருக்கின்றன. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆயுள் முழுக்கத் தேவை. ஆள் பருமனாக இருக்கும்போதே இரத்தசோகை இருக்கலாம், பெண்களுக்கு முக்கியமாக. பைபாஸ் செய்தவர் மெடிக்கலில் போய் மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் வாங்கி விழுங்கக்கூடாது. குடல் இணைப்பில் புண் வரலாம். தொடர் வாந்தி இருந்தாலோ, கால் மரத்து எரிந்தாலோ எடை பார்க்கும் நாள்வரை காத்திருக்கக்கூடாது.

எடை குறைக்கும் மருந்துகளும் வந்திருக்கின்றன. 2025 மார்ச்சில் மவுஞ்சாரோவும் ஜூனில் வீகோவியும் இந்தியச் சந்தைக்கு வந்தன. இரண்டும் வாரம் ஒரு முறை போடும் ஊசி. ஆபரேஷனில் போதிய எடை குறையாதவர்களுக்கு இதே இனத்தைச் சேர்ந்த லிராகுளுடைட் ஊசியை லண்டனில் கொடுத்துப் பார்த்தார்கள். 2023-ல் வெளியான அந்த ஆய்வில் 24 வாரத்தில் சுமார் 9 சதவீத எடை குறைந்தது. வெற்று ஊசி போட்டவர்களுக்கு ஒரு சதவீதம்கூட இல்லை. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் வீகோவியில் உள்ள செமாகுளுடைடை நிறுத்தியவர்களுக்கு இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருடத்தில் திரும்பியதாக வேறோர் ஆய்வு சொல்கிறது. நிறுத்தாமல் வாங்கக் கையில் காசு இருக்குமா என்று கணக்குப் பார்த்துவிட்டே தொடங்கவேண்டும். டாக்டர் சீட்டில்லாமல் தொடவே கூடாது.

இரண்டாவது ஆபரேஷனைக் கடைசி வழியாக வையுங்கள். ஸ்லீவை பைபாஸாக மாற்றலாம். ஆனால் முதல் தடவையைவிட இதில் சிக்கல் கூடுதல். எண்டோஸ்கோபி செய்து, உள்ளே உண்மையிலேயே அமைப்பில் குறை இருக்கிறதா என்று பார்க்காமல் தேதி குறிக்கக்கூடாது.

கமுதியில் இருப்பவருக்குச் சிக்கல் இந்த மருத்துவத்தைவிட அதைத் தொடர்ந்து பெறுவதில்தான் இருக்கிறது. மதுரை போய்வர ஒரு பகல் போகும், ஒரு நாள் கூலி போகும். இன்சூரன்ஸ், உடல் நிறை குறியீடு 40-ஐத் தொட்டாலோ, கடும் நோயோடு 35 இருந்தாலோ ஆபரேஷனுக்குப் பணம் தரும். பிறகு வருடா வருடம் பார்க்கும் டாக்டர் பீஸும் இரத்தப் பரிசோதனையும் பெரும்பாலும் கைக்காசுதான். தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம், ஆண்களில் 37 சதவீதம் எடை கூடியவர்கள் என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஆபரேஷன் எண்ணிக்கை இனி கூடத்தான் செய்யும். அதற்குப் பிந்தைய கவனிப்பு பெருநகர ஆஸ்பத்திரி வாசலோடு நிற்பது நியாயமில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீடு தேடி வருகிறது. அதே ஊழியர் ஆபரேஷன் செய்தவரின் எடையையும் குறித்துக்கொள்ளலாம். தாலுகா ஆஸ்பத்திரியில் ஹீமோகுளோபினும் சுகரும் பார்த்து, அந்தச் சீட்டைப் போனில் ஆபரேஷன் செய்த டாக்டருக்கு அனுப்பும் ஏற்பாட்டுக்குப் புதுக் கட்டடம் எதுவும் தேவையில்லை. ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாதம் ஒரு நாள் இவர்களுக்கென்று அங்கே ஒதுக்கவேண்டும் என்று சுகாதாரத் துறையைக் கேட்கிறோம்.

ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு: வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். மிகக் குறைந்த எடையிலிருந்து ஐந்து கிலோ ஏறியிருந்தால் பத்து ஆகட்டும் என்று காத்திருக்காதீர்கள். எத்தனை வருடம் போகாமல் விட்டிருந்தாலும் சரி, ஆபரேஷன் செய்த இடத்துக்கு இந்த வாரமே போன் போட்டு நாள் கேளுங்கள்.