ஹார்ட் டிஸ்க்குக்கும் நாடி உண்டு

2019 நவம்பரில் சர்வர் தயாரிக்கும் ஹெச்பிஇ நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு அவசர அறிவிப்பு ஒன்றை அனுப்பியது. சர்வர்களில் பொருத்தப்பட்ட அதன் சில எஸ்எஸ்டி ரகங்கள் 32,768 மணி நேரம் ஓடியதும் செயலிழந்துவிடும். அதாவது 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம்தான் ஆயுள். அதற்குள் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்காவிட்டால் டிஸ்க்கும் மீளாது, அதிலுள்ள தரவும் மீளாது.

ரெய்டு இருக்கும்போது என்ன பயம் என்று கேட்கலாம். 1988-ல் பெர்க்லி ஆய்வாளர்கள் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் மூவரும் முன்வைத்த ஏற்பாடு அது. தரவைப் பல டிஸ்க்குகளில் பிரித்து வைப்பார்கள். ஒன்று பழுதானால் மற்றவை ஈடுகட்டும். ஆனால் புது சர்வரில் எல்லா டிஸ்க்குகளும் ஒரே நாளில்தான் ஓடத் தொடங்குகின்றன. ஒரே வயதுள்ள அவை ஒரே நேரத்தில் சாய்ந்தால், ஈடுகட்ட எது மிஞ்சும்?

எத்தனை மணி நேரம் ஓடினோம் என்ற கணக்கை டிஸ்க்கே எழுதி வைக்கிறது. ‘ஸ்மார்ட்’ என்று அதற்குப் பெயர். வெப்பநிலை எவ்வளவு, கெட்டுப்போன செக்டார்கள் எத்தனை மாற்றப்பட்டன, இன்னும் எத்தனை சந்தேகத்தில் இருக்கின்றன என்பதெல்லாம் அதில் உண்டு. லினக்ஸில் ‘ஸ்மார்ட்சிடிஎல்’ என்ற ஒரே கட்டளையில் பார்த்துவிடலாம். தினமும் பார்க்கிறோமா என்பதுதான் கேள்வி.

இந்த நாடி எவ்வளவு உண்மை சொல்லும்? ஒரு லட்சத்துக்கும் அதிகமான டிஸ்க்குகளைக் கவனித்து, கூகுள் ஆய்வாளர்கள் 2007-ல் பதில் தந்தார்கள். டிஸ்க் தன் பரப்பைத் தானே சோதிக்கும்போது சிக்குவது ஸ்கேன் பிழை. முதல் ஸ்கேன் பிழை தென்பட்ட டிஸ்க் அடுத்த 60 நாளில் பழுதாகும் வாய்ப்பு, பிழை இல்லாததைவிட 39 மடங்கு அதிகம். அப்படிப்பட்ட டிஸ்க்கை உடனே மாற்றிவிட வேண்டும். ஆனால் அதே ஆய்வில், பழுதான டிஸ்க்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு அளவுகளிலும் எந்த அறிகுறியும் காட்டாமலே போயிருந்தன.

சத்தமில்லாமல் சாகும் டிஸ்க்குக்கு பேக்கப்தான் மருந்து. அந்த மருந்தையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு, நிரல்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லேப் சாட்சி.

2017 ஜனவரி 31. கோளாறைச் சரிசெய்ய இரவில் போராடிய பொறியாளர் ஒருவர், துணை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டாபேஸை அழித்துவிட்டார். ஓரிரு நொடிகளில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி போய்விட்டது. பேக்கப்பைத் தேடினால் அந்த இடம் காலி. பேக்கப் எடுக்கும் மென்பொருளின் பதிப்பும் டேட்டாபேஸின் பதிப்பும் பொருந்தாததால் ஒவ்வொரு முறையும் அது தோற்றிருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களோ, சரியான கையொப்பம் இல்லையென்று நிராகரிக்கப்பட்டு யார் கண்ணிலும் படவில்லை.

சோதனை வேலைக்காக அதே பொறியாளர் ஆறு மணி நேரம் முன்பு எடுத்து வைத்திருந்த நகல் ஒன்றுதான் கைகொடுத்தது. சுமார் 18 மணி நேரம் கழித்துத் தளம் திரும்பியது. அந்த ஆறு மணி நேரத்தில் சேர்ந்து தொலைந்தவை, சுமார் 5,000 ப்ராஜெக்ட்கள், 5,000 கருத்துகள், 700 பயனர் கணக்குகள் என்பது நிறுவனத்தின் கணிப்பு.

நடந்ததை மறைக்காமல் எழுதிய நிறுவனம், இனி செய்ய வேண்டியவற்றையும் பட்டியலிட்டது. பேக்கப்பிலிருந்து டேட்டாபேஸை மீட்டெடுக்க முடிகிறதா என்று தானாகவே சோதிப்பது அதில் ஒன்று. தரவின் பாதுகாப்புக்கு ஒருவரைப் பொறுப்பாக்குவது இன்னொன்று.