துளையுள்ள பாண்

வைத்தியர் சொன்னது ஒரே வாக்கியந்தான்: “காயம் ஆறவேண்டுமானால் புரதம் வேண்டும்.” மனையாள் சத்திர சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய வாரம் அது. எங்கள் வீட்டில் மீன், இறைச்சி, முட்டை மூன்றும் விலக்கு. பாலைக் கண்டால் அவளுக்குக் குமட்டல். அவித்த கடலையை நான்கு நாள் உண்டவள், ஐந்தாம் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “உறைப்பாய், கடிச்சுச் சாப்பிடுற மாதிரி ஏதேன் தாருங்கோவன்” என்றாள். முப்பத்தைந்து வருடம் இலக்கணம் படிப்பித்த எனக்கோ, குசினியில் தேநீர் வைப்பதற்கு அப்பால் ஒன்றும் தெரியாது.

ரொறன்ரோவிலிருந்து தாயைப் பார்க்க வந்திருந்த மகள்தான் பேகலைப் பற்றிச் சொன்னாள். கோதுமை மாவை வளையமாக்கி, முதலில் கொதிநீரில் அவித்து, பின்னர் போறணையில் சுடும் பாண் அது. “அதிலை புரதத்தைக் கூட்டலாம், அப்பா” என்று கூறி, கோதுமைப் பசையத் தூள் ஒரு பொட்டலத்தை என் கையில் தந்துவிட்டு விமானம் ஏறினாள்.

ஒரு பொருளின் பூர்வீகம் அறியாமல் அதைத் தொடுவது எனக்கு வழக்கமில்லை. 1683இல் வியன்னா நகரைத் துருக்கியரிடமிருந்து காத்த போலந்து மன்னனுக்குக் காணிக்கையாக, குதிரைச் சேணத்து அங்கவடி வடிவில் ஒரு ரொட்டிக்காரன் சுட்டதே முதற் பேகல் என்பார்கள். இனிய கதை, ஆனால் பொய்க் கதை. 1610ஆம் ஆண்டிலேயே போலந்தின் கிறாக்கோ நகர யூத சமூகத்தார், ஆண்குழந்தையின் விருத்தசேதனச் சடங்குக்கு எவ்வளவு செலவிடலாம் என வகுத்த விதிகளில் பேகலைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். அங்கிருந்து புலம்பெயர்ந்த யூதருடன் அது நியூயோர்க் சென்றது. கையால் வளையம் உருட்டும் தொழிலாளர் அங்கே வலிமை மிக்க ஒரு சங்கமாகத் திரண்டு நின்றனர். 1960களில் உருட்டு யந்திரம் வந்தது. அந்தக் கைகளின் தேவை குறைந்தது.

இனி எனது தோல்வியைச் சொல்லவேண்டும். புரதந்தானே வேண்டும், கடலை மாவில் அது நிறைய உண்டே என்று, பாதிக்குப் பாதி கலந்து பிசைந்தேன். மா இழுபடவில்லை. உருட்டிய கயிறுகள் வெடித்தன. கொதிநீரில் இட்டதும் ஒவ்வொரு வளையமாகக் கரைந்தது. படுக்கையிலிருந்தே மணம் பிடித்த மனையாள், “என்ன, கூழோ காய்ச்சிறியள்?” என்று கேட்டாள்.

அன்றிரவு படித்தபோதுதான் பிழை விளங்கிற்று. கோதுமையின் புரதம் மற்றப் புரதங்களைப் போன்றதன்று. நீரும் பிசைவும் சேர, அது வலைபோற் பின்னி, காற்றைச் சிறைபிடிக்கிறது. அதுவே பசையம். பிசைந்த மாவை நீரிற் கழுவிக் கழுவி மாப்பொருளைப் போக்கினால் அது தனியே எஞ்சும் என்பதைக் காட்டியவர் இத்தாலிய அறிஞர் பெக்காரி. 1745இல் வெளியான அவரது கட்டுரை, தாவரத்திலிருந்து வந்த இப்பொருள் விலங்குப் பொருளின் இயல்பு கொண்டது எனக் கூறிற்று. (சைவர்கள் கலங்க வேண்டியதில்லை.) கடலையின் புரதத்துக்கோ இந்தப் பின்னும் ஆற்றல் இல்லை.

அப்படியானால் கடலை மாவையே விட்டுவிடலாமா என்றால், அதுவும் முடியாது. கோதுமைப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. கடலையில் அது தாராளம். கடலையிற் குறைவான மெதியோனின் கோதுமையில் கூடுதல். ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். ஆனால் இரண்டையும் சேர்த்துப் பிடிக்க இடையில் ஒன்று வேண்டும். உடம்படுமெய்யை வருடக்கணக்காகக் கரும்பலகையில் எழுதிய எனக்கு இது தோன்றாமற் போயிற்றே! மகள் தந்த பொட்டலத்தை அப்போதுதான் பிரித்தேன்.

மறுமுறை கோதுமை மா 400 கிராம், கடலை மா 80, பசையத் தூள் 40, உப்பு 9, மதுவம் 5 (கடையில் ஈஸ்ற் என்றால் தருவார்கள்), நீர் சுமார் 310 மில்லிலீற்றர் எடுத்தேன். இடித்த செத்தல் மிளகாயும் பொரித்த வெங்காயமும் சேர்த்தேன். பன்னிரண்டு நிமிடம் பிசைந்ததில் தோள் வலித்தது. சிறிது ஆறவிட்டு எட்டாகப் பிரித்து, கயிறாக உருட்டி, உள்ளங்கையைச் சுற்றி முனைகளை ஒட்டி, இரவு முழுவதும் குளிர்ப்பெட்டியில் வைத்தேன். விடிந்ததும் ஒன்றைத் தண்ணீரில் இட்டுப் பார்த்தேன், மிதந்தது. மிதந்தால் பொங்கியது போதும் என்று அர்த்தம்.

பனங்கட்டி கரைத்த கொதிநீரில் பக்கத்துக்கு ஒரு நிமிடம் அவித்தேன். இந்த அவியலிலேதான் பேகலின் சூட்சுமம் இருக்கிறது. மேற்பரப்பின் மாப்பொருள் கஞ்சிபோல் இறுகித் தோலாகிவிடுவதால், போறணையில் அது பாணைப்போல் ஊதிப் பெருக்க முடிவதில்லை. உள்ளே நெருக்கமும் வெளியே மினுக்கமும் அதனால் வருபவை. எள்ளுத் தூவி 220 பாகை செல்சியசில் இருபத்திரண்டு நிமிடம் சுட்டேன். எனது கணக்கின்படி ஒன்றிற் சுமார் 12 கிராம் புரதம். வெறுங் கோதுமை மாவிற் செய்திருந்தால் ஏழெட்டுக் கிராமே தேறும்.

சூடு ஆறுமுன் ஒன்றைத் தட்டில் வைத்துக் கொண்டுபோனேன். துளைக்குள் விரலைவிட்டுச் சுற்றிப் பார்த்தாள். பிய்த்தாள், மென்றாள். நெடுநேரம் மென்றாள். நான் கதவடியில் பெறுபேறு பார்க்க வந்த மாணவன்போல் நின்றேன். பாதி முடிந்த பின்புதான் நிமிர்ந்தாள்.

“இஞ்சாருங்கோ, சம்பல் இல்லையோ?”

தேங்காய் துருவத் திருவலையைத் தேடிப் போனேன்.