காயம் ஆறியும் கழுத்துநோவு ஆறாதது ஏன்?

குற்றாலச் சாரலில் நனைந்துவிட்டு, சூரியகாந்தி வயல்களைக் காணச் சுந்தரபாண்டியபுரம் செல்லும் காரைப் பின்னாலிருந்து இன்னொன்று மோதி, உள்ளிருப்பவரின் தலை சாட்டைபோல் முன்னும் பின்னும் வீசப்பட்டால், சதையும் நாரும் சில வாரங்களில் ஆறியபின்னும் நோவு மட்டும் சிலருக்கு வருஷக்கணக்கில் நீடிப்பதுண்டு. அதனைப் பாசாங்கென்று உற்றார் ஏசுவது அநியாயம்.

ஓயாது வந்த வேதனைச் செய்திகளால் தண்டுவட நரம்பணுக்களும் மூளையும் கூருணர்ச்சி மிகுந்து, தலையைத் திருப்பும் சாதாரண அசைவையும் அபாயமென்றே கிரகித்துவிடுகின்றன. நீடித்த வலியோடு மூளையும் மாறுவதற்குச் சான்றாக, நாட்பட்ட முதுகுவலிக்காரரிடம் மூளையின் நெற்றிப்புறச் சாம்பல்நிறப் பகுதி குன்றியிருப்பதை 2004-இல் சிகாகோவில் நரம்பியல் ஆய்வாளர் அப்காரியனின் குழுவினர் கண்டனர். சிகிச்சையால் வலி தணிந்தோர்க்கு அப்பகுதி மீண்டும் தடித்ததை 2011-இல் மான்ட்ரியல் ஆய்வு காட்டிற்று.

ஆகவே, கழுத்துப்பட்டையே கதியென்று கிடவாமல், மருத்துவர் சொற்படி கழுத்தைச் சிறுகச்சிறுக அசைத்துப் பழகுங்கள்.